எலியின் திசுவில் அடங்கிய ஹிஸ்டமின் பிள்ளையின் மார்பில் அடங்குமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் மெர்பேங்க் பகுதியில் வாழும் ஒரு தாயார் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய எட்டு வயது மகனுக்கு மூச்சு இழைப்பும், அவ்வப்போது தோலில் அரிப்போடு கூடிய தடிப்பும் வருகின்றன. மருத்துவமனையில் நீல நிறத்தில் ஒன்றும் பழுப்பு நிறத்தில் ஒன்றுமாக மூச்சில் இழுக்கும் இரண்டு பம்புகளும், ஒவ்வாமைக்கு ஒரு மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் ஆயா துளசி, மஞ்சள், இஞ்சி போட்டுக் கஷாயம் வைத்துத் தருகிறார். கொழுந்தனார் வார்விக் சந்தையிலிருந்து ஒரு கிழங்கும் வாங்கி வந்திருக்கிறார். பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படிக்கும் மூத்த மகள், இத்தகைய செடிகளின் சாறு, ஒவ்வாமையில் அரிப்பையும் தடிப்பையும் கிளப்பும் ஹிஸ்டமின் என்ற பொருள் விலங்குத் திசுக்களில் வெளியேறுவதைத் தடுக்கிறது என்று ஆய்வுக் கட்டுரைகளில் படித்துவிட்டு வீட்டில் சொல்லியிருக்கிறாள். அப்படியானால் மாத்திரையையும் பம்பையும் விட்டுவிட்டுக் கஷாயத்தை மட்டும் தொடரலாமா என்று தாயார் கேட்கிறார். வீட்டுச் செடிகளைத் தானே சோதித்துப் பார்க்க வழி உண்டா என்று மகள் கேட்கிறாள்.

அவசரமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பம்பையும் மாத்திரையையும் நிறுத்தாதீர்கள், அம்மா. ஆயா தரும் கஷாயத்தைச் சமையலில் சேரும் அளவில் கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. அந்தக் கிழங்கைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன். உங்கள் மகள் படித்தது பொய்யுமில்லை. ஆனால் "ஹிஸ்டமின் வெளியேற்றத்தைத் தடுக்கிறது" என்ற தொடரில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் ஆய்வுக்கூடத்தில் ஒரு குறுகிய பொருள் உண்டு. எந்த விலங்கின் எந்தச் செல், எதைக் கொண்டு தூண்டப்பட்டது, சாறு எவ்வளவு, தூண்டுவதற்கு எத்தனை நிமிடம் முன்னால் சேர்க்கப்பட்டது என்ற நான்கும் தெரியாமல் அந்தத் தொடரை வீட்டுக்குள் கொண்டுவந்தால், அது சொல்லாத ஒன்றையும் சொல்வதுபோல் நமக்குக் கேட்கத் தொடங்கிவிடும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தச் சோதனைகளைச் செய்தும் மாணவர்களைச் செய்யவைத்தும் வந்தவன் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஹிஸ்டமின் மிகச் சிறிய மூலக்கூறு. நாம் உண்ணும் புரதத்தில் உள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்திலிருந்து ஒரு கரியமில வாயு கழன்றால் கிடைப்பது அதுதான். 1907இல் ஜெர்மனியில் வேதியியலார் அதைச் செயற்கையாக உண்டாக்கினார்கள். 1910இல் ஹென்றி டேலும் பேட்ரிக் லெய்ட்லாவும் லண்டனில் அதை விலங்குகளுக்குச் செலுத்தி, இரத்த அழுத்தம் சரிவதையும் கினிப்பன்றியின் மூச்சுக்குழாய்கள் இறுகுவதையும் விவரித்தார்கள். அது உடலிலேயே, குறிப்பாக நுரையீரலிலும் ஈரலிலும் இயல்பாக இருக்கிறது என்பது 1927இல் நிறுவப்பட்டது. உடலில் எந்தச் செல்லுக்குள் அது ஒளிந்திருக்கிறது என்ற கேள்விக்கு 1953இல்தான் விடை கிடைத்தது. பால் எர்லிக் 1878இல் மாணவராக இருந்தபோதே சாயமேற்றிக் கண்டு பெயரிட்டிருந்த மாஸ்ட் செல்லே அதன் களஞ்சியம் என்று ரைலியும் வெஸ்டும் காட்டினார்கள். தோலிலும் மூச்சுக்குழாய்ச் சுவரிலும் குடலிலும், இரத்தக் குழாய்களை ஒட்டி இந்தச் செல்கள் காவலிருக்கின்றன. டொலுயிடின் நீலம் என்ற சாயத்தை இட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், பிளந்த மாதுளைக்குள் முத்துகள் நெருங்கியிருப்பதுபோல, செல் முழுவதும் கருஞ்சிவப்பு ஊதாத் துகள்கள் அடைந்திருக்கும். நீலச் சாயம் அந்தத் துகள்களில் பட்டு ஊதாவாக மாறுவதை முதன்முறை பார்க்கும் மாணவர்கள் வியப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஒவ்வாமை உள்ளவர் உடலில் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் இந்தச் செல்லின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணுண்ணியின் புரதமோ மகரந்தமோ வந்து அருகருகே உள்ள இரண்டு ஐஜிஇக்களைப் பாலம்போல் இணைத்தால், செல்லுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நொதிகள் விழித்து, கால்சியம் உள்ளே பாய்ந்து, சில நிமிடங்களில் துகள்கள் செல்லின் ஓரத்துக்கு வந்து வெடித்துத் தம்மிடம் உள்ளதைக் கொட்டிவிடுகின்றன. கொட்டிய ஹிஸ்டமின் இரத்தத்தில் ஓரிரு நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடும். அதற்குள் அது செய்யவேண்டியதைச் செய்துமுடிக்கும்: இரத்தக் குழாய்கள் கசியும், தோல் தடிக்கும், நரம்பு நுனிகள் அரிக்கும், மூச்சுக்குழாய்த் தசை இறுகும்.

இதைத் தடுக்க மூன்று இடங்கள் உண்டு. செல் கொட்டாமல் தடுக்கலாம். கொட்டிய ஹிஸ்டமின் போய் ஒட்டும் ஏற்பியை அடைக்கலாம். இறுகிய தசையை எதிர்த்திசையிலிருந்து தளர்த்தலாம். உங்கள் மகன் சாப்பிடும் ஒவ்வாமை மாத்திரை இரண்டாவது வகை. நீலப் பம்பில் உள்ள சால்பியூட்டமால் மூன்றாவது வகை என்றுதான் பாடநூல்கள் சொல்கின்றன. ஆனால் மனித நுரையீரலிலிருந்து பிரித்தெடுத்த மாஸ்ட் செல்களில் அதைச் சோதித்தபோது, ஐஜிஇ வழியாக நிகழும் ஹிஸ்டமின் வெளியேற்றத்தையும் அது வலுவாகத் தடுத்தது. கஷாயத்தில் எந்தக் குணத்தை எதிர்பார்க்கிறீர்களோ அந்தக் குணம், மனிதச் செல்லிலேயே சோதிக்கப்பட்டு, நீங்கள் நிறுத்தலாமா என்று கேட்கும் பம்புக்குள் ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் மகளும் இதைக் குறித்துக்கொள்வது நல்லது.

செடிச்சாறுகளைப் பற்றிய கட்டுரைகளில் இந்த மூன்று இடங்களும் பெரும்பாலும் குழம்பிக் கிடக்கின்றன. எங்கள் மாணவப் பருவத்தில், இந்தியருக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் கினிப்பன்றியின் சிறுகுடலை வைத்துத்தான் ஹிஸ்டமினை அளந்தோம். இரண்டு மூன்று சென்டிமீட்டர் குடல் துண்டை, 37 பாகை வெப்பத்தில் டைரோட் என்ற உப்புக் கரைசல் நிரம்பிய கண்ணாடிக் குழாயில் தொங்கவிட்டு, மேல் நுனியை நூலால் ஒரு நெம்புகோலில் கட்டுவோம். நெம்புகோலின் முனை, புகையேற்றிக் கறுக்கச் செய்த காகிதம் சுற்றிய உருளையின்மேல் மெல்லப் பட்டுக்கொண்டிருக்கும். கிராமின் நூறு கோடியில் சில பங்கு ஹிஸ்டமின் அந்தக் கரைசலில் கலந்தாலே போதும். குடல் சுருங்கும், கறுத்த காகிதத்தில் ஒரு வெள்ளைக் கோடு எழும். ஒவ்வாமை ஏற்றப்பட்ட கினிப்பன்றியின் குடலானால், முட்டை வெள்ளைக்கருப் புரதத்தைச் சேர்த்ததுமே அதன் சொந்த மாஸ்ட் செல்கள் கொட்டி, குடல் தானாகவே சுருங்கும். சுல்ட்ஸ் 1910இலும் டேல் 1913இலும் காட்டிய வினை இது.

செடிச்சாற்றை முன்கூட்டிச் சேர்த்தபின் கோடு குறைந்தால் நம் மனம் உடனே குதிக்கும். ஆனால் கோடு குறைந்ததற்கு, செல் கொட்டாதது காரணமாக இருக்கலாம், ஏற்பி அடைபட்டது காரணமாக இருக்கலாம், சாறு தசையையே மரக்கச் செய்ததும் காரணமாக இருக்கலாம். சாறு கலந்த கரைசலில் தெரிந்த அளவு ஹிஸ்டமினை நேராக விட்டுப் பார்க்கவேண்டும். அப்போதும் கோடு குறைந்தால், வெளியேற்றத்தைத் தடுத்தது என்று சொல்ல இடமில்லை. துளசியைப் பற்றிய பழைய ஆய்வுகள் சில, ஹிஸ்டமின் புகையை மூச்சில் இழுத்த கினிப்பன்றிகளுக்கு வரும் திணறலைத் துளசி தள்ளிப்போட்டது என்று காட்டுகின்றன. அங்கே ஹிஸ்டமினை ஆய்வாளரே வெளியிலிருந்து கொடுத்துவிடுகிறார்; ஆகவே அந்த விளைவு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வெளியேற்றத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

பின்னர் வந்த முறை எலியின் வயிற்றறைச் செல்களைக் கொண்டது. இறந்த எலியின் வயிற்றறைக்குள் கரைசலைச் செலுத்தி, ஒன்றரை நிமிடம் மெல்லப் பிசைந்து, திரும்ப எடுத்தால் அதில் வரும் செல்களில் சுமார் இருபதில் ஒன்று மாஸ்ட் செல். அவற்றைப் பிரித்தெடுத்து, சாற்றோடு பத்து நிமிடம் ஊறவைத்து, 48/80 என்ற செயற்கைப் பொருளால் தூண்டி, பனிக்கட்டியில் வைத்து நிறுத்தி, வெளியே வந்த ஹிஸ்டமினையும் செல்லுக்குள் தங்கிவிட்டதையும் தனித்தனியே அளப்பார்கள். உங்கள் மகள் படிக்கும் கட்டுரைகளில் பெரும்பகுதி இந்த முறையில் செய்யப்பட்டவையே. இதில் ஒரு பெரிய சிக்கல் 2015இல்தான் தெளிவானது. 48/80 ஐஜிஇ வழியாகத் தூண்டுவதே இல்லை. மாஸ்ட் செல்லின் மேலுள்ள வேறொரு ஏற்பியைத் தொட்டுத் தூண்டுகிறது, அந்த ஏற்பியின் அமைப்பும் எலிக்கும் மனிதனுக்கும் வேறுபடுகிறது. ஆகவே 48/80ஐ மட்டும் கொண்டு செய்த சோதனை தூசி ஒவ்வாமையைப் பற்றிப் பேசத் தகுதியற்றது என்பது என் கருத்து. வாசற்கதவைப் பூட்டிவிட்டோம் என்று மகிழ்ந்திருக்கையில், பிள்ளைக்கு நோய் வருவது கொல்லைப்புறக் கதவு வழியாக.

செடிகளுக்கு வருகிறேன். இந்தத் துறையில் மிக உறுதியாக நிற்பது ஒரு முழுச்செடியல்ல, ஃபிளேவனாய்டு என்ற வேதிக் குடும்பம். 1977இல் லண்டனில் ஃப்யூட்ரெலும் காம்பர்ட்ஸும், குவர்செட்டின் முதலிய ஃபிளேவனாய்டுகள் எலியின் மாஸ்ட் செல் ஹிஸ்டமினைச் சுரப்பதைத் தடுப்பதாகக் கண்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவில் மனித இரத்தத்தின் பேசோஃபில் என்ற வெள்ளணுக்களிலும், அதுவும் ஐஜிஇ வழியாகத் தூண்டியபோதே, அதே விளைவு தெரிந்தது. மூலக்கூற்றின் நடுவளையத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பு இருந்தால் வலு அதிகம். அது இல்லாத கேட்டச்சின் வகைகளுக்கு வலு குறைவு. சர்க்கரை ஒட்டிய ருட்டினுக்கும் குறைவு. இப்படி அமைப்புக்கும் செயலுக்கும் ஒழுங்கான தொடர்பு தெரியும்போதுதான் ஒரு விளைவு உண்மையானது என்ற நம்பிக்கை எனக்கு வரும்.

குவர்செட்டின் நம் வெங்காயத்திலும் முருங்கைக் கீரையிலும் இருக்கிறது. 100 கிராம் வெங்காயத்தில் ஏறத்தாழ 20 முதல் 40 மில்லிகிராம். ஆய்வுக்குழாயில் அது வேலை செய்யத் தேவையான செறிவு லிட்டருக்கு 3 மில்லிகிராமும் அதற்கு மேலும். வெங்காயம் நிறையச் சாப்பிட்டவரின் இரத்தத்திலும் அது மாறாத வடிவில் அந்த அளவை எட்டுவது அரிது. பெரும்பகுதியைக் குடலும் ஈரலும் வேறு மூலக்கூறுகளோடு பிணைத்து உருமாற்றியிருக்கும். கச்சாச் சாறுகளின் நிலை இன்னும் கடினம். கட்டுரைகளில் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்று சாதாரணமாக எழுதியிருக்கும். 20 கிலோ எடையுள்ள பிள்ளையின் உடலில் சுமார் ஒன்றரை லிட்டர் இரத்தம் ஓடுகிறது. அந்தச் செறிவு வேண்டுமானால் 150 மில்லிகிராம் சாறு சிதையாமல், மாறாமல், வேறெந்தத் திசுவுக்கும் போகாமல் இரத்தத்திலேயே மிதக்கவேண்டும். குடல் அதற்கு இடம் கொடுப்பதில்லை.

மஞ்சளின் கதை இதைவிட வேதனையானது, ஏனென்றால் நம்மவர்களுக்கு அதன்மேல் உள்ள பற்று பெரிது. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் எலிச் செல்களில் ஹிஸ்டமின் வெளியேற்றத்தைத் தடுப்பதாகப் பல கட்டுரைகள் உண்டு. வாய்வழி கொடுத்தால் அது இரத்தத்தில் ஏறுவதே இல்லை என்னுமளவுக்குக் குறைவு. 1998இல் பெங்களூரில் செய்த ஓர் ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது உட்கிரகிப்பு இருபது மடங்காக உயர்ந்தது. ஆனால் மிகச் சிறியதை இருபதால் பெருக்கினாலும் சிறியதாகவே நின்றது. இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும்: பைப்பரின் வேறு மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் உயர்த்தும், அவற்றில் ஆஸ்துமாவுக்குத் தரும் தியோஃபிலினும் ஒன்று. பாலில் தட்டிப்போடும் நாலு மிளகால் அது நேராது. பைப்பரின் சேர்த்து விற்கும் மாத்திரைகளால் நேரலாம்.

மஞ்சள் என் சொந்தக் கூடத்திலேயே எங்களை ஒருமுறை ஏமாற்றியிருக்கிறது. ஒரு மாணவர் மஞ்சள் சாற்றால் ஹிஸ்டமின் வெளியேற்றம் 90 விழுக்காடு குறைந்தது என்று வரைபடத்தோடு வந்து நின்றார். நாங்கள் ஹிஸ்டமினை அளந்தது ஒளிர்வு முறையில்: ஆர்த்தோதாலால்டிஹைடு என்ற பொருள் ஹிஸ்டமினோடு சேர்ந்து நீல ஒளி வீசும், அந்த ஒளியின் அளவே ஹிஸ்டமினின் அளவு. குர்குமினோ நீல ஒளியை விழுங்கும் பொருள். அது மஞ்சளாகத் தெரிவதே அதனால்தான். செல்களே இல்லாத ஒரு குழாயில் தெரிந்த அளவு ஹிஸ்டமினையும் அந்தச் சாற்றையும் கலந்து அளக்கச் சொன்னேன். அங்கேயும் அளவு விழுந்தது. செல் எதையும் அடக்கவில்லை, சாறு விளக்கை மறைத்திருந்தது. மூன்று மாத உழைப்பு அந்த ஒரு குழாயில் கரைந்தது. அந்த மாணவர் சோர்ந்துபோகாமல் முறையை மாற்றித் திரும்பச் செய்தார். உண்மையான தடுப்பு கொஞ்சம் இருந்தது, 90 அல்ல. நிறமுள்ள சாறுகளைப் பற்றிய எந்தக் கட்டுரையைப் படித்தாலும் அந்த ஒற்றைக் குழாயை வைத்துப் பார்த்தார்களா என்றுதான் நான் இன்றும் முதலில் தேடுகிறேன்.

கடுக்காயின் நீர்ச்சாறு எலிகளில் ஒவ்வாமை அதிர்ச்சியைத் தடுத்ததாகக் கொரிய ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்டார்கள். கடுக்காயில் துவர்ப்புப் பொருள் மிகுதி. துவர்ப்பு புரதங்களைப் பற்றி இழுத்துத் திரளச் செய்யும். தோல் பதனிடுவதே அந்தக் குணத்தால்தான். ஆகவே சாறு செல்லை அமைதிப்படுத்தியதா, தூண்டும் புரதத்தையே திரட்டி வீழ்த்தியதா என்று பிரித்தறியாமல் நான் முடிவுக்கு வரமாட்டேன். கருஞ்சீரகத்திலிருந்து எடுத்த நைஜெல்லோன் என்ற பொருள் 1993இல் எலிச் செல்களில் நல்ல பலன் காட்டியது. வாகைப் பட்டை பற்றி 1970களின் இறுதியிலேயே இந்தியாவில் கவனமான ஆய்வுகள் நடந்தன. போரில் வென்றவர் சூடிய அந்த மரத்தின் பட்டையை இழைப்புக்குக் கஷாயமாகக் கொடுக்கும் வழக்கத்திலிருந்தே அந்த ஆய்வாளர்கள் தொடங்கினார்கள். நஞ்சறுப்பான் கொடியின் இலையை 1960களில் டெல்லியில் ஆஸ்துமா நோயாளிகளுக்கு மென்று தின்னக் கொடுத்தே சோதித்தார்கள். சிலருக்கு வாரக்கணக்கில் இழைப்பு குறைந்தது; பலருக்கு வாய் புண்ணாகி, வாந்தி வந்தது; பின்னால் நடந்த சோதனைகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை.

விலங்குத் திசுவில் தொடங்கிய பாதை எங்கே போய்ச் சேரவேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சான்று எகிப்தில் விளையும் கெல்லா என்ற செடி. அதன் விதையை அங்கே சிறுநீரகக் கல்லுக்குக் கஷாயமாகக் குடித்தார்கள். அதிலுள்ள கெல்லின் என்ற பொருள் தசையைத் தளர்த்தும் என்பதால், இங்கிலாந்தில் ரோஜர் அல்டவுன்யான் என்ற மருத்துவர் அதை அடிப்படையாக வைத்து உண்டாக்கிய நூற்றுக்கணக்கான சேர்மங்களைச் சோதித்தார். அவரே ஆஸ்துமா நோயாளி. கினிப்பன்றியின் முடிக்கு அவருக்கு ஒவ்வாமை இருந்ததால், அதன் சாற்றைத் தானே மூச்சில் இழுத்துத் தனக்கு இழைப்பை வரவழைத்து, ஒவ்வொரு சேர்மத்தையும் முன்கூட்டி இழுத்துப் பார்த்தார். பல ஆண்டுகள் அப்படித் தன் மூச்சையே பணயம் வைத்தபின், 1965இல் சோடியம் குரோமோகிளைகேட் கிடைத்தது. அது மாஸ்ட் செல்லைக் கொட்டவிடாமல் தடுக்கும் முதல் மருந்து. கினிப்பன்றியில் சோதித்திருந்தால் அது தேறியிருக்காது. எலியில் வேலை செய்யும் அது கினிப்பன்றியில் சரியாக வேலை செய்வதில்லை. மனிதரிலும் நுரையீரல் செல்லில் ஓரளவு, தோல் செல்லில் அனேகமாக இல்லை. விழுங்கினால் நூற்றில் ஒரு பங்குதான் உடலில் சேரும் என்பதால் அதைப் பொடியாக மூச்சில் இழுக்கவேண்டியிருந்தது. அதுவும் இழைப்பு வருவதற்கு முன்னால். வந்தபின் கொடுத்துப் பயனில்லை. வடித்துச் செம்மையாக்கிய ஒரு பொருளுக்கே இத்தனை நிபந்தனைகள் என்றால், அடுப்பில் கொதித்த கஷாயத்தின்மேல் நாம் எவ்வளவு பாரத்தை ஏற்றலாம் என்று எண்ணிப் பாருங்கள், அம்மா.

மேலும் ஆஸ்துமாவில் ஹிஸ்டமின் ஒரு பங்காளி மட்டுமே. அதே மாஸ்ட் செல் லூக்கோட்ரையீன்கள் என்ற வேறு பொருள்களையும் வெளியிடுகிறது. மூச்சுக்குழாயை இறுக்குவதில் அவை ஹிஸ்டமினைவிடப் பல மடங்கு வலியவை. ஒவ்வாமை மாத்திரை தோல் தடிப்பை அடக்கினாலும் இழைப்பை அடக்காமல் விடுவது இதனால்தான். ஆலைகள் சூழ்ந்த, நீங்கள் வாழும் மெர்பேங்கின் காற்றையும் இங்கே மறக்கக்கூடாது. 2000ஆம் ஆண்டையொட்டி அங்கே ஒரு தொடக்கப்பள்ளியில் நடந்த ஆய்வில் ஏறத்தாழப் பாதிப் பிள்ளைகளுக்கு ஏதோ ஓர் அளவில் ஆஸ்துமா இருந்தது தெரிந்தது. கந்தக வாயு மூச்சுக்குழாயைச் சுருக்க ஐஜிஇயின் தயவு தேவையில்லை; நரம்பு வழியாகவே சுருக்கிவிடும். உங்கள் பிள்ளைக்கு இழைப்பு காற்று கனத்த இரவுகளில் வருகிறதா, படுக்கையைத் தட்டிய நாளில் வருகிறதா என்று இரண்டு மாதம் ஒரு நாட்குறிப்பில் எழுதிவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். எந்தச் சாற்றையும்விட அது பயன்படும்.

கொழுந்தனார் வாங்கி வந்த கிழங்கு, நீங்கள் எழுதியிருக்கும் அடையாளத்தைப் பார்த்தால் ஜூலு மக்கள் இசிபெபெத்தோ என்று அழைக்கும் காட்டிஞ்சியாக இருக்கலாம். சளிக்கும் இழைப்புக்கும் அதை மெல்வது இந்த மண்ணின் நெடுங்கால வழக்கம். தோண்டித் தோண்டி விற்றதால் குவாசுலு-நாட்டாலின் காடுகளில் அது ஏறத்தாழ இல்லாமலே போய்விட்டது. இங்கே அதை முறையாக ஆய்ந்திருக்கிறார்கள். அதன் சாறு ஹிஸ்டமின் ஏற்பியில் ஒட்டுவதும், ஒவ்வாமை ஏற்றிய சுண்டெலிகளின் நுரையீரல் அழற்சி குறைவதும் தெரிந்தன. ஆனால் அந்தச் சுண்டெலிகளின் மூச்சுக்குழாய் முன்போலவே எளிதில் இறுகியது. அழற்சி குறைந்தும் மூச்சு இறுகினால் ஒரு தாய்க்கு அதனால் என்ன ஆறுதல்? அந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பொடியாக்கி வந்த கிழங்கில் வேறு எது கலந்திருக்கிறது என்று கண்ணால் அறிய முடியாது. உலகின் பல பகுதிகளில் ஆஸ்துமாவுக்கென்று விற்ற மூலிகைப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது சோதனைகளில் வெளிப்பட்டிருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு அதைக் கொடுக்கவேண்டாம்.

வேறு இரண்டு செடிகளையும் சொல்லிவிடுகிறேன். அம்மன் கும்பிடும்போது வேப்பிலைக்குப் பதிலாக இங்கே பலரும் ஒடிக்கும் சிரிங்கா, வேம்பின் உறவான மலைவேம்பு. அதன் பழம் நஞ்சு. வேம்புதானே என்று கஷாயத்தில் போட்டுவிடாதீர்கள். ஆடாதோடை இழைப்புக்குப் பேர்போனதானாலும் கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்யும் வாசிசின் அதில் இருப்பதால், கர்ப்பிணிகள் அருந்தக்கூடாது. கஷாயம் குடித்தபின் பிள்ளையின் உதடு வீங்கினாலோ, குரல் மாறினாலோ, நீலப் பம்பு எடுத்தும் பேச மூச்சுப் போதாமல் திணறினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோகவேண்டும். அந்த நிலையில் உயிரைக் காப்பது அட்ரினலின் ஊசி.

இனி உன் கேள்வி, மகளே. வீட்டுச் செடியைச் சோதிக்க முடியும். நீ படிக்கும் துறையின் செல் வளர்ப்புக் கூடத்தில் ஆர்பிஎல்-2எச்3 என்ற எலிச் செல் வழியைக் கேட்டுப் பார். அதை ஐஜிஇ வழியாகவே தூண்டலாம், எந்த விலங்கையும் கொல்லவேண்டியதில்லை. அது புற்றுச் செல் என்பதையும், உண்மையான மாஸ்ட் செல்லைப்போல் முழுமையாக முதிர்ந்ததல்ல என்பதையும் உன் அறிக்கையில் எழுதிவிடு. ஆயா கொதிக்கவைப்பதுபோலவே தண்ணீரில் சாறெடு. எத்தனாலில் எடுத்தால் எத்தனாலை மட்டும் சேர்த்த குழாய் ஒன்றும் வேண்டும், ஏனென்றால் கரைப்பானே சில சமயம் செல்லை மந்தமாக்கும். தூண்டாமல் தானாகக் கசிவது எவ்வளவு, செல்லை முழுவதும் உடைத்தால் வருவது எவ்வளவு என்ற இரண்டையும் அளந்து, தூண்டலால் வந்ததிலிருந்து தானாகக் கசிந்ததைக் கழித்து, மொத்தத்திலிருந்தும் அதைக் கழித்து, முன்னதைப் பின்னதால் வகு. செத்த செல் எதையும் சுரக்காது. அதைத் தடுப்பு என்று எண்ணி ஏமாறாதிருக்க, சாற்றில் ஊறிய செல்கள் உயிரோடிருக்கின்றனவா என்று சாயமிட்டு எண்ணு. பூந்திக்கொட்டையைப்போல் நுரைக்கும் சாறானால் அது செல்லையே கரைத்து ஹிஸ்டமினைக் கொட்டவைக்கும். தூண்டுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் சேர்த்த குழாயோடு, தூண்டி ஒரு நிமிடம் கழித்துச் சேர்த்த குழாய் ஒன்றையும் வை. உன் தம்பிக்குக் கஷாயம் கிடைப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது குழாயின் நேரத்தில்தான்.

சாற்றின் நிறம் அளவீட்டைக் கெடுக்கிறதா என்று பார்க்கும் செல்லில்லாத குழாயை, மஞ்சளாக இல்லாவிட்டாலும், ஒவ்வொரு நாளும் முதலில் அளந்துவிடு. எல்லாம் சரியாக வந்து வரைபடம் கையில் இருந்தால் அனுப்பிவை. அந்தக் குழாயின் எண்ணைத்தான் நான் முதலில் கேட்பேன்.